முசிறியா, பூம்புகாரா, கரூரா? கொங்குநாட்டிலிருந்து பழைய ஆற்றுத்துறை நகரம் பார்க்க எது தோது

பரீட்சை முடிந்து லீவு தொடங்கினால் கோவை, திருப்பூர், ஈரோட்டு வாசகர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “பழைய துறைமுக நகரம் ஒன்றைக் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டும். கேரளப் பக்கம் முசிறிக்குப் போவதா, பூம்புகாருக்குப் போவதா, இல்லை பக்கத்திலேயே கரூர் போதுமா?”

இவை மூன்றும் ஒரே வணிகப் பாதையில் இருந்த இடங்கள். பெரியாற்று முகத்தில் முசிறியில் இறங்கிய சரக்கும் காசும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நொய்யல் கரைக்கு வந்தன. கொடுமணலில் மணியும் இரும்பும் செய்தார்கள். அமராவதிக் கரையில் கரூர் சேரர் தலைநகராக இருந்தது. அங்கிருந்து காவிரியோடு கீழே போனால் பூம்புகார். கோவை வெள்ளலூரில் ரோமானியக் காசுப் புதையல்கள் கிடைத்ததற்குக் காரணமும் இந்தப் பாதைதான். எதற்குப் போனாலும் நாம் இந்தப் பாதையில் ஒரு பக்கத்தைப் பார்க்கிறோம். ஆனால் கண்ணுக்குத் தெரிவது, ஆகும் செலவு, உடம்புக்கு ஆகும் அலுப்பு மூன்றிலும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலாவது, அங்கே கண்ணால் பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது. புகழை நம்பிப் போய் ஏமாறுவது இந்த விஷயத்தில்தான் அதிகம்.

இரண்டாவது, கொங்குநாட்டில் நீங்கள் எந்த மூலையில் இருக்கிறீர்கள். கோவையிலிருந்து கொடுங்கல்லூர் (பழைய முசிறிப் பகுதியில் இன்று இருக்கும் ஊர்) சுமார் 150 கி.மீ., பூம்புகார் சுமார் 370 கி.மீ. கரூர்க்காரர்களுக்குக் கணக்கு தலைகீழ்: பூம்புகார் 240 கி.மீ. அளவு, கொடுங்கல்லூர் 280. ஈரோட்டுக்காரர்களுக்கு 250-க்கு 300 என்று ஏறக்குறையச் சமம். கோவைக்காரர் சொன்ன யோசனையை நாமக்கல்காரர் அப்படியே எடுத்துக்கொண்டால் சரிவராது.

மூன்றாவது, வண்டி. சொந்தக் காரா, வாடகை வண்டியா, ரயிலா என்பதைப் பொறுத்து மூன்றின் செலவும் மாறிவிடும். அதைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

நான்காவது, யார் வருகிறார்கள். முழங்கால் வலிக்கிற பெரியவர்களா, பத்து வயசுப் பிள்ளைகளா, கல்வெட்டு படிக்க ஆசைப்படுகிறவர்களா.

ஐந்தாவது, மாதமும் கிழமையும். கேரள அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. தமிழ்நாட்டு மாவட்ட அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. இதைத் தெரியாமல் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர்.

| | முசிறி (கொடுங்கல்லூர், பரவூர்) | பூம்புகார் | கரூர் + கொடுமணல் |
|---|---|---|---|
| ஆறு | பெரியாறு | காவிரி | அமராவதி, நொய்யல் |
| கோவையிலிருந்து தூரம் | ஒரு வழி 150 கி.மீ. | ஒரு வழி 370 கி.மீ. | சுற்றி வர 300 கி.மீ. |
| தேவைப்படும் நாள் | 2 | 3 | 1 |
| பெட்ரோல் (லிட்டருக்கு 15 கி.மீ., உள்ளூர் ஓட்டமும் சேர்த்து) | 24 லிட்டர் | 55 லிட்டர் | 20 லிட்டர் |
| நல்ல மாதங்கள் | நவம்பர் – பிப்ரவரி | ஜனவரி – மார்ச் | நவம்பர் – பிப்ரவரி, ஆடிக் காற்றுக் காலம் |
| தவிர்க்க வேண்டியது | ஜூன் – செப்டம்பர் மழை, மீனபரணித் திருவிழா நாட்கள் | அக்டோபர் – டிசம்பர் மழையும் புயலும் | ஏப்ரல், மே வெயில் |
| படகு | உண்டு | நம்பிப் போக முடியாது | இல்லை |

## முசிறி: ஆறும் படகும் இன்றும் இருக்கிற இடம்

முதலில் ஒரு எச்சரிக்கை. மேப்பில் வெறுமனே “முசிறி” என்று போட்டால் திருச்சி மாவட்டத்துக் காவிரிக்கரை முசிறிக்குத்தான் வழி காட்டும். “கொடுங்கல்லூர்” அல்லது “கோட்டப்புறம்” என்று போடுங்கள்.

யவனர் (கிரேக்க, ரோமானிய வணிகர்) பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதாக அகநானூறு 149-ஆம் பாட்டு சொல்லும் ஊர் இது. வடக்குப் பரவூருக்குப் பக்கத்தில் பட்டணம் என்ற கிராமத்தில் 2007-இல் கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் அகழாய்வு தொடங்கியது. மத்தியதரைக்கடல் பக்கத்து மதுச் சாடிகளின் உடைசல்கள், செங்கல் கட்டிய படகுத்துறை, அதன் அருகே கட்டுத்தறிகள், ஒரே மரத்தைக் குடைந்து செய்த சுமார் 6 மீட்டர் நீளத் தோணி எல்லாம் கிடைத்தன. பட்டணம்தான் முசிறி என்பதில் எல்லா அறிஞர்களும் ஒத்துப்போகவில்லை. ஆனால் ரோமானிய வணிகம் நடந்த துறை என்பதற்கு இவ்வளவு சான்று வேறு இடத்தில் இந்தக் கரையில் கிடைத்ததில்லை.

ஆனால் பட்டணத்துக்குப் போய் இறங்கினால் கண்ணில் படுவது வீடுகளும் தென்னையும்தான். குழிகளை ஆய்வு முடிந்ததும் மூடிவிடுவார்கள். அதனால் பட்டணத்தை மட்டும் இலக்காக வைத்துப் போகாதீர்கள். முசிறியின் பலம், அந்தத் துறை அழிந்த பிறகும் அதே ஆற்று முகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்த காலங்கள் எல்லாம் பத்துப் பதினைந்து கி.மீ. வட்டத்துக்குள் இன்னும் நிற்பதுதான். திருவஞ்சைக்களம் மகாதேவர் கோயில், கேரளத்தில் இருக்கிற ஒரே தேவாரப் பாடல் பெற்ற தலம். கி.பி. 629-இல் கட்டியது என்று மரபு சொல்லும் சேரமான் பள்ளிவாசல். 1523-இல் போர்த்துகீசியர் கட்டிய கோட்டப்புறம் கோட்டையின் மிச்சம். பரவூரில் 1616-ஐச் சேர்ந்த யூதர் தொழுகைக்கூடம். சேந்தமங்கலத்தில் பாலியம் அரண்மனையும் நாலுகெட்டும் (நடுமுற்றம் வைத்த பழைய கேரள வீடு). இவற்றைப் படகிலேயே இணைக்கும்படி முசிறி பாரம்பரியத் திட்டத்தில் படகுத்துறைகள் கட்டியிருக்கிறார்கள்.

நம்மூர்க்காரர்களுக்கு இன்னொரு ஒட்டும் உண்டு. சேரமான் பெருமாளிடம் பரிசு வாங்கிக்கொண்டு சுந்தரர் திரும்பும் வழியில்தான் திருமுருகன்பூண்டியில் வேடுவர் பறித்துக்கொண்டார்கள் என்பது பெரியபுராணக் கதை. நீங்கள் அவிநாசி, கோவை, பாலக்காடு என்று ஓட்டிப் போகும் பாதைதான் அது. ஆடிச் சுவாதியில் தமிழ்நாட்டு அடியார்கள் திருவஞ்சைக்களத்துக்குப் போகிறார்கள். அந்த நாளில் போனால் கூட்டமும் மழையும் சேர்ந்தே இருக்கும், தெரிந்து போங்கள்.

தெரியாத செலவுகள். வாடகை வண்டியில் பெரும்பாலான டிராவல்ஸ் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 அல்லது 300 கி.மீ. என்று கணக்குப் போடுவார்கள். முசிறிக்கு இரண்டு நாளில் ஓடுவது 360 கி.மீ.தான், ஆனால் பில் 500 அல்லது 600 கி.மீ.க்கு வரும். டிரைவர் பேட்டா, ராத்திரி தங்கல் தனி. வண்டிக்கு அகில இந்திய சுற்றுலா பெர்மிட் இருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் கேரள வரி உங்கள் தலையில் விழும். வாளையாறு தாண்டியதும், வடக்கஞ்சேரிக்குப் பக்கத்தில் பன்னியங்கரையிலும் சுங்கச்சாவடி உண்டு. திருச்சூருக்கு வெளியே இரிஞ்ஞாலக்குடா வழியாகக் கொடுங்கல்லூர் போனால் பாலியேக்கரைச் சாவடியைத் தொட வேண்டியதில்லை. கேரளத்தில் பெட்ரோல் விலை நம்மைவிடக் கூடுதல். கோவையிலேயே டேங்கை நிரப்பிவிட்டால் 24 லிட்டரில் போய் வந்துவிடலாம்.

படகில் இரண்டு விதம். முசிறித் திட்டப் படகில் ஆளுக்கு டிக்கெட், ஆனால் போதிய ஆள் சேராவிட்டால் கிளம்பாமலும் போகும். தனிப் படகில் மணிக் கணக்கு. எட்டுப் பேருக்கு மேல் இருந்தால் தனிப் படகைப் பேசிப் பாருங்கள். நாலு பேர் மட்டும் என்றால் முந்தைய நாள் போன் செய்து உறுதி செய்துகொள்ளுங்கள். கடல் எச்சரிக்கை விடுத்த நாளில் படகுகளை நிறுத்திவிடுவார்கள்.

எங்கே பிழை வரும். கேரளக் கோயில் நேரத்தில்தான். மத்தியானம் நடை சாத்தினால் சாயங்காலம்தான் திறப்பார்கள். பத்தரைக்குள் திருவஞ்சைக்களத்தையும் கொடுங்கல்லூர் பகவதியையும் முடிக்கவில்லையென்றால் அந்த நாளின் வரிசையே கெட்டுப்போகும். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், வேட்டி எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானத் தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் பக்கம் பார்வையாளராகப் போக வேண்டாம். பங்குனியை ஒட்டி பகவதி கோயிலில் வரும் மீனபரணித் திருவிழா நாட்களில் கொடுங்கல்லூருக்குள் வண்டி நகராது. பிள்ளைகளோடு போக அது ஏற்ற நேரமில்லை. கொடுங்கல்லூர் – பரவூர் சாலை தேசிய நெடுஞ்சாலை 66. அகலப்படுத்தும் வேலையால் பத்து கி.மீ.க்கு அரை மணிக்கு மேல் ஆவதும் உண்டு.

“கொச்சி டூர்” பேக்கேஜில் முசிறியையும் சேர்த்திருந்தால் அது பள்ளிவாசல் வாசலில் ஒரு போட்டோவாக முடியும். முசிறிதான் நோக்கம் என்றால் அந்தப் பேக்கேஜை எடுக்காதீர்கள்.

## பூம்புகார்: மனசில் இருக்கும் நகரம் பெரியது

நேராகச் சொல்லிவிடலாம். இரண்டு நாள்தான் லீவு என்றால், கோவை, பொள்ளாச்சி, திருப்பூர்க்காரர்கள் பூம்புகாரை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். காரில் எட்டு மணி நேரம். போய்ச் சேர்ந்து, படுத்து எழுந்து, திரும்பி ஓட்ட வேண்டும். ஊரைப் பார்க்க அரை நாள்கூட மிஞ்சாது.

பட்டினப்பாலையும் சிலப்பதிகாரமும் படித்துவிட்டுப் போகிறவர்கள் கரையில் நின்று திகைப்பது வழக்கம். கடல் கொண்டது போக மிச்சம் இருப்பவை சிதறிக் கிடக்கின்றன: கீழையூரில் மரத்தூண்களோடு கிடைத்த செங்கல் படகுத்துறை, பல்லவனீச்சுரத்தில் புத்த விகாரத்தின் அடித்தளம், வானகிரியில் நீர்த்தேக்கம். கீழையூர்த் துறையின் மரத்தைக் கரிமக் கணிப்புச் செய்ததில் கி.மு. 3-ஆம் நூற்றாண்டு என்று வந்தது. 1990-களில் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் கடலடியில் தேடினார்கள், கட்டுமானம் போன்றவற்றை 20 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் பார்த்ததாகப் பதிவு செய்தார்கள். அதை நாம் போய்ப் பார்க்க வழியில்லை. படகில் கூட்டிப்போய் “மூழ்கிய நகரம்” காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்.

1973-இல் திறந்த ஏழுநிலை மாடச் சிலப்பதிகாரக் கலைக்கூடம்தான் பிள்ளைகளுக்குப் பிடித்த இடம். கண்ணகி கதை முழுக்கக் கல் சிற்பமாக வரிசையாக இருக்கிறது. சில வருஷங்களாக அந்த வளாகத்தில் புதுப்பிப்பு வேலை நடந்து வந்தது. எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று கிளம்பும் முன் மயிலாடுதுறையில் விசாரித்துக்கொள்ளுங்கள். அது மூடியிருந்தால் பிள்ளைகளுக்காகப் போவதில் அர்த்தமில்லை.

காவிரி பற்றியும் ஒரு சொல். பவானிக் கூடுதுறையிலும் கொடுமுடியிலும் அகலக் காவிரி பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கடலில் சேரும் இடத்தில் அது ஒரு வாய்க்கால் அளவாகத்தான் தெரியும். பெருவெள்ளம் கொள்ளிடத்தில் போய்விடுகிறது, மீதி வயலுக்குப் பிரிகிறது. மேட்டூர் திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வந்த பிறகு போனால் கொஞ்சம் நிறைவாக இருக்கும். சங்கமத்தில் குளிக்கிறவர்கள் முழங்கால் ஆழத்தைத் தாண்டக் கூடாது, அங்கே அலை காலடி மணலை அரித்து இழுக்கும்.

அப்படியானால் யார் போக வேண்டும்? பெரியவர்களோடு மூன்று நாள் கோயில் பயணமாகப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். திருவெண்காடு புதன், கீழப்பெரும்பள்ளம் கேது, வைத்தீஸ்வரன்கோவில் செவ்வாய் மூன்றும் பக்கத்திலேயே இருக்கின்றன. தெற்கே தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்தபடி முழுசாக நிற்கிறது. துறைமுகம் என்றால் என்ன என்று பிள்ளைக்குப் புரிய வைக்க, பூம்புகார் மணலைவிட அந்தக் கோட்டை மதில் நன்றாகவே உதவும். பேருந்தில் போகிறவர்கள் மயிலாடுதுறையில் அறை எடுத்துக்கொள்வது நல்லது, அங்கிருந்து பூம்புகார் 24 கி.மீ. அளவுதான்.

செலவில் பூம்புகாருக்கு இருக்கும் ஒரே சலுகை ரயில். கோவை – மயிலாடுதுறை ஜன சதாப்தி செவ்வாய் தவிர மற்ற நாட்களில் ஓடுகிறது. காலை ஏழு மணியை ஒட்டிக் கோவையில் கிளம்பி திருப்பூர், ஈரோடு, கரூர், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக மத்தியானம் போய்ச் சேரும். திரும்பும் வண்டி மத்தியானம் மூன்று மணி வாக்கில். ஒரு ராத்திரி மட்டும் தங்கினால் போன நாள் சாயங்காலமும் மறுநாள் காலையும்தான் கையில் இருக்கும். இரண்டு ராத்திரி தங்கினால் நடுவில் ஒரு முழு நாள் கிடைக்கும், அதுதான் சரி. உட்கார்ந்தே போகும் வண்டி, நாலு பேர் குடும்பத்துக்கு 55 லிட்டர் பெட்ரோலைவிட மிக மலிவு. வாடகை வண்டியென்றால் மூன்று நாளில் 820 கி.மீ. ஓடுவதால், முசிறி மாதிரி ஓடாத கி.மீ.க்குப் பணம் கட்ட வேண்டிவராது.

## கரூர் + கொடுமணல்: பக்கத்தில் இருப்பதால் விட்டுவிடும் இடம்

கரூர் கடல் துறைமுகம் அல்ல, ஆற்றங்கரைத் தலைநகரம். கடற்கரை வேண்டும் என்கிற பிள்ளைகளுக்கு இது ஒத்துவராது. ஆனால் ஒரே நாளில், காசு அதிகம் ஆகாமல், 2,000 வருஷத்துக்கு முந்தைய எழுத்தை ஒரு ஜாண் தூரத்தில் பார்க்கலாம். மற்ற இரண்டு ஊரிலும் அது முடியாது.

அந்த எழுத்து இருப்பது கரூருக்கு வடமேற்கே, வேலாயுதம்பாளையம் புகழிமலையில். மேலே முருகன் கோயில் இருப்பதால் எல்லோரும் நேராக ஏறிவிடுகிறார்கள். வழியில் பிரியும் இடத்தில் பாறைக்குக் கீழே சமணத் துறவிகளின் கற்படுக்கைகள் இருக்கின்றன. தலைவைக்கும் பக்கம் கொஞ்சம் உயர்த்திச் செதுக்கிய படுக்கை. ஆற்றூர்ச் செங்காயபன் என்ற துறவி தங்குவதற்காக, ஆதன் செல்லிரும்பொறையின் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ இளவரசனானபோது அறுத்துக் கொடுத்த கல் என்று மூன்று தலைமுறைச் சேரர் பெயர் தமிழ்ப் பிராமி என்ற பழைய தமிழ் எழுத்தில் வெட்டியிருக்கிறது. வெயில் நேராக அடிக்கும்போது எழுத்தே தெரியாது. மொபைல் டார்ச்சைப் பாறைக்கு நேராகப் பிடிக்காமல், ஓரத்தில் பாறையை ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். வெட்டிய பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து ஒவ்வொன்றாக எழுந்து வரும். சாக்பீஸ் தேய்த்துப் படிக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து செய்யாதீர்கள், பிள்ளைகளையும் செய்ய விடாதீர்கள். இவ்வளவு வருஷம் நின்ற எழுத்து தேய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கொடுமணல் ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே 15 கி.மீ. அளவில், நொய்யலின் வடகரையில் இருக்கிறது. 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகமும் பிறகு மற்றவர்களும் அகழாய்வு செய்த ஊர். பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ என்று பாடியது இந்த ஊரைத்தான் என்று கொள்கிறார்கள். இரும்பு உருக்கிய உலை, பச்சைக்கல், நீலக்கல், படிகம், சூதுபவளம் என்று மணி செய்த பட்டறை, பெயர் கீறிய பானை ஓடுகள் எல்லாம் வெளிவந்தன. பச்சைக்கல் கிடைத்த படியூர் காங்கயத்துக்குப் பக்கம்தான். இன்று அங்கே பார்க்க இருப்பது ஈமக்காட்டுக் கல்வட்டங்கள். குழிகள் மூடப்பட்டுவிட்டன. முன்கூட்டி ஏதாவது படித்துவிட்டுப் போகாதவர்களுக்கு அது வெறும் காட்டில் கிடக்கும் கல். படித்துவிட்டுப் போகிறவர்கள் அந்தக் கல்வட்டத்தைச் சுற்றியே அரை மணி நேரம் நிற்பார்கள்.

டீக்கடை, கழிவறை எதையும் அங்கே எதிர்பார்க்க வேண்டாம். சென்னிமலையிலேயே தேவையை முடித்துக்கொள்ளுங்கள். காலையிலேயே அரிசிம்பருப்பு சாதமோ புளிச்சோறோ கட்டிக்கொண்டு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பிறகு போனால் புல் மண்டிக் கல்வட்டம் மறைந்திருக்கும், செருப்பைவிட ஷூ நல்லது. நொய்யலில் கால் நனைக்க வேண்டாம். திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து சேர்ந்த ஆறு அது, ஒரத்துப்பாளையம் அணையும் அங்கேதான்.

ஒரு நாள் வரிசை இப்படி வையுங்கள்: காலை ஆறு மணிக்குக் கோவை, பெருந்துறை, சென்னிமலை, கொடுமணல். வெயில் ஏறும் முன் அங்கிருந்து கிளம்பி கொடுமுடி வழியாக வேலாயுதம்பாளையம். மத்தியானம் கரூர் அரசு அருங்காட்சியகம். அமராவதி மணலில் கிடைத்த ரோமானியக் காசுகளால் பேர் பெற்ற ஊர் என்பதால் அங்கே காசுப் பகுதியைத் தவறவிடக் கூடாது. நாலு மணிக்குப் பிறகு பசுபதீசுவரர் கோயில், பிறகு வெள்ளகோவில், காங்கயம், பல்லடம் வழியாக வீடு. மொத்தம் 300 கி.மீ. வாடகை வண்டியின் ஒரு நாள் கணக்கோடு இது ஏறக்குறைய அப்படியே பொருந்தும். ராத்திரி தங்கல் செலவு கிடையாது.

அமராவதியைப் பாலத்தில் நின்று பார்த்தால் பல மாதம் மணல்தான். தண்ணீர் பார்த்தே ஆக வேண்டும் என்றால் கொடுமுடியில் காவிரியைப் பார்த்துக்கொள்ளலாம்.

## யாருக்கு எது

கோவை, பொள்ளாச்சி, திருப்பூர்க் குடும்பம், இரண்டு நாள் லீவு, பத்து வயசுப் பிள்ளைகள்: முசிறி. யோசிக்கவே வேண்டாம்.

கரூர், நாமக்கல் பக்கம், பெரியவர்கள் துணையோடு மூன்று நாள்: ரயிலில் பூம்புகார், கோயில்களையும் தரங்கம்பாடியையும் சேர்த்து.

பள்ளி ஆசிரியர் முப்பது பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டும், கையில் ஒரு பஸ், ஒரு நாள்: கரூரும் புகழிமலையும். கொடுமணலை விட்டுவிடுங்கள், அவ்வளவு பிள்ளைகளுக்குக் கழிவறை வசதி இல்லாமல் சமாளிக்க முடியாது.

ஏப்ரல், மே மாதம்தான் முடியும் என்றால் கரூர் கடைசி. கரூர் பரமத்தி வெயில் தமிழ்நாடே அறிந்தது. அந்த மாதங்களில் முசிறியும் புழுங்கும், ஆனால் ஆற்றில் போகும்போது காற்று இருக்கும்.

முசிறிக்கு முடிவு செய்தவர்கள் சனி, ஞாயிறாக வைத்துக்கொள்ளுங்கள். சனி காலை ஐந்துக்குக் கோவையை விட்டால் ஒன்பதுக்குள் கொடுங்கல்லூர். கோயில்கள் முதலில், பிறகு பள்ளிவாசல், சாப்பாடு, வெயில் தாழக் கோட்டப்புறத்தில் படகு. சாப்பாட்டுக் கடையில் மட்டை அரிசி பெரியவர்களுக்குச் சேராவிட்டால் வெள்ளைச் சோறு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். ராத்திரி பரவூரில் தங்குங்கள். செராய் கடற்கரையில் வார இறுதி வாடகை ஏறிவிடும். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பாலியம், அடுத்து யூதர் தொழுகைக்கூடம், நேரம் இருந்தால் பட்டணம். சேந்தமங்கலம் கைத்தறி வேட்டி வாங்க நினைப்பவர்கள் நெசவாளர் கூட்டுறவுக் கடை ஞாயிறு திறக்குமா என்று சனிக்கிழமையே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் இரண்டு மணிக்குள் பரவூரை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். அதைத் தாண்டினால் ஞாயிறு சாயங்காலக் கூட்டத்தோடு மண்ணுத்தி முதல் வாளையாறு வரை நீங்களும் ஊர்ந்துதான் வர வேண்டும்.